தாழ்ப்பாள்

ஒரகடத்தில் அந்த ஒற்றை அறை வீட்டைக் காட்டிய புரோக்கர் ரகுபதிக்கே மனசு கேட்கவில்லை.

"மாரிசெல்வம், சொன்னா கேளு. நாளைக்கு கொழந்த குட்டின்னு ஆனா இந்த வூடு பத்தாது. கொஞ்ச நாள் பொறுத்துக்கினா பெருசாவே வாங்கலாம்."

"இனிமே பொறுக்க முடியாதுண்ணே."

அவன் மனைவி சுகப்பிரியா கதவுத் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றாள்.

"ரிப்பேராம்மா? மாத்திக் குடுத்துர்றேன்."

"நல்லாத்தாண்ணே இருக்கு" என்றாள் வெட்கத்துடன்.

மாரிசெல்வம் தயங்கிச் சொன்னான். "வீடு வாங்கணும்னுதான், கல்யாணமாகி மூணு வருசமா அவ லேடீஸ் ஹாஸ்டல்ல, நான் பசங்களோட ரூம்ல. ஷிப்ட் மாறும்போது பஸ் ஸ்டாப்புல பாத்துக்கிடுவோம். நாங்க ரெண்டு பேரும் உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்ட கதவே இந்த ஊர்ல கெடையாதுண்ணே."

ரகுபதி மலைத்துப்போய் இருவரையும் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் வெளியே வந்து, கதவைத் தானே சாத்தினார்.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.