சவரிமுத்துவின் பக்கத்து இடம்

அடுகோடிக் கல்லறைத் தோட்டத்தில் காலை வெயில் சிலுவைகளின் மேல் சாய்வாக விழுகிறது. ஓசூர் ரோட்டு பஸ்களின் இரைச்சல் மதிலைத் தாண்டி வந்துகொண்டே இருக்கிறது. ஜெசிந்தா தன் கணவர் சவரிமுத்துவின் கல்லறையருகே நிற்கிறாள். அதை ஒட்டி, அவளுக்கென்று விட்டுவைத்த இடத்தில் புதுக் குழி திறந்திருக்கிறது. கரையில் ஒரு மெல்லிய பலகைப் பெட்டி. உள்ளே இருப்பவன் பஸ் நிறுத்தத்தில் செத்துக் கிடந்த வெளியூர்க்காரன். தேடி யாரும் வரவில்லை. கழுத்துக் கயிற்றில் மரச்சிலுவை தொங்கியதால் போலீஸார் அவனைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டார்கள். தோட்டத்தில் வேறு இடமில்லை. “இன்னொரு வாட்டி யோசிங்கம்மா. நாளைக்கு உங்களுக்கு எடத்துக்கு எங்க போறது?” என்கிறான் குழிவெட்டும் சின்னப்பன், மண்வெட்டியில் ஒட்டிய செம்மண்ணைக் கட்டைவிரலால் வழித்தபடி. “எனக்கு எடம் தேட நீங்கல்லாம் இருக்கீங்க. இவனுக்கு யாருப்பா இருக்கா?” என்கிறாள் அவள். சாம்பிராணிப் புகை பெட்டியைச் சுற்றிக் கலைகிறது. சாமியார் செபப் புத்தகத்தை விரித்து, “எங்கள் சகோதரர்...” என்று தொடங்கி, பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறார். ஜெசிந்தா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறாள். “சவரிமுத்துவோட தம்பின்னு சொல்லுங்க ஃபாதர்” என்று சொல்லி, இறந்தவரின் வீட்டு ஆட்கள் குழியில் முதலில் போட வேண்டிய மண்ணைக் குனிந்து கை நிறைய அள்ளிக்கொள்கிறாள்.