கண்டனம் பாக்கி

எங்கே குண்டு வெடித்தாலும் முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கைப்பேசியில் கண்டனம் பதிய வேண்டும். தவறினால் அடையாள அட்டை முடங்கிவிடும். லிஃப்ட் மெக்கானிக் பைரோஸ் ஏழு வருடமாக ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இன்று வெடித்தது உள்ளூர்ப் பேருந்து நிலையத்தில். அவன் மனைவி நசீமா அங்கேதான் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

பிணவறை வாசலில் அவனுக்கு முன்னால் நின்றவர் ஒரு கையெழுத்துப் போட்டுத் தன் தம்பியின் உடலை வாங்கிக்கொண்டு போனார். பைரோஸிடம் மட்டும் குமாஸ்தா கண்டனப் பதிவு இயந்திரத்தின் மைக்கை நீட்டினான்.

"கண்டனம் சொல்லுங்க பாய்."

பைரோஸ் வாயைத் திறந்ததும், சாவுச் சேதி கேட்டால் தானாக வருகிற வார்த்தைதான் வந்தது. "இன்னாலில்லாஹி..."

இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஓதக் கூடாது பாய். கண்டிக்கணும்."

"அந்த நாய்ங்க நாசமாப் போகட்டும்!" என்று கத்தினான். பச்சை எரிந்தது.

குமாஸ்தா திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "உங்க வீட்டுல இன்னொரு கண்டனம் பாக்கி இருக்கே. நசீமாங்கிறது யாரு?"

பைரோஸ் பிணவறைக் கதவை எட்டி உதைத்தான்.

"உள்ளதான் படுத்திருக்கா. மைக்கை எடுத்துட்டுப் போய் நீயே கேளுடா!"