கண்டாச்சிபுரம் 4.50

"மாட்டிக்கினா! வசமா மாட்டிக்கினா!"

சீனுவாசன் போட்ட கூச்சலில், அடுப்படியிலிருந்து சூர்யகலா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யாருங்க?"

"வேற யாரு? அந்த விழுப்புரத்துக்காரி கலைப்பிரியாதான். என் சைட்டைப் பார்த்து காப்பி அடிக்கிறான்னு சொன்னேனே, நம்புனியா? இதோ பாரு!"

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சீனுவாசன், ஒன்பது வருஷமாகத் தனியாளாக ஒரு பஸ் டைம் வெப்சைட் நடத்துகிறார். டவுன் பஸ்ஸிலிருந்து மினி பஸ் வரை அதில் இருக்கும். எட்டு மாதம் முன்பு கலைப்பிரியா அதே மாதிரி ஒன்றை ஆரம்பித்தாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தப் பொண்ணு சைட்டு சூப்பரா இருக்குது சார்" என்று சொன்ன ஒரு கஸ்டமரை, மெஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அதனால்தான் பொறி வைத்தார். கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலை 4.50 என்று தன் சைட்டில் ஒரு வரி சேர்த்தார். அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது. அந்த நேரத்துக்கு யார் வந்து நிற்கப் போகிறார்கள்? இரண்டே வாரம். கலைப்பிரியா சைட்டிலும் அதே 4.50.

"நடுவுல மூணு மெயில் வேற அனுப்புனா. பேரைப் பார்த்ததுமே டெலீட் பண்ணிட்டேன். பீத்திக்கத்தான் அனுப்பியிருப்பா."

"படிச்சிட்டாவது அழிச்சிருக்கலாம்" என்றாள் சூர்யகலா.

"நேர்ல போய்க் கேட்டுட்டு, பயணிகள் வாட்ஸ்அப் குரூப்புல போட்டு மானத்தை வாங்குறேன் பாரு!"

கலைப்பிரியா வேலை பார்க்கும் செல்போன் கடை விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நீங்களா! உக்காருங்க சார்."

"உக்கார வரல. இந்த 4.50 பஸ்ஸை எங்கேர்ந்து எடுத்த?"

"உங்க சைட்டுலேர்ந்துதான் சார்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப திருட்டுதானே? அப்படி ஒரு பஸ்ஸே கிடையாதும்மா. உன்னைப் பிடிக்க நான் போட்ட பொய்!"

அவள் தன் சைட்டைப் போனில் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"அந்த 4.50-ஐத் தொட்டுப் பார்த்தீங்களா சார்?"

தொட்டார். 'இப்போது பஸ் வருவதில்லை. அந்த நேரத்துக்கு வேன் வரும். காசு வேண்டாம். பெரியதம்பி' என்று ஒரு போன் நம்பரோடு இருந்தது.

"எங்க அப்பா சார். தினம் காய்கறி ஏத்திக்கினு அந்த வழியாத்தான் மார்க்கெட்டுக்கு வருவாரு. நேர்ல நின்னு பார்க்காம நான் எந்த பஸ்ஸையும் போட மாட்டேன். உங்க 4.50-ஐப் பார்க்க அப்பாகூட போனேன். பாஞ்சாலின்னு ஒரு அக்கா, வூட்டுக்காரரைக் கைத்தாங்கலா பிடிச்சிக்கினு நிக்கிறாங்க. காலையில ஆறரைக்கு அவருக்குப் பெரியாஸ்பத்திரியில டயாலிசிஸ். அதுவரைக்கும் முந்தின நாளே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்துக்கினு இருந்தாங்களாம். உங்க சைட்டைப் பார்த்துட்டு அன்னிக்குத்தான் வூட்டுல தூங்கியிருக்காங்க."

"அப்புறம்?"

"பஸ் வரல. 'சீனுவாசன் போட்டா வராம இருக்காதும்மா'ன்னு ரோட்டையே பார்த்துக்கினு நின்னாங்க. மனசு கேக்கல சார். வேன்ல ஏத்திக்கினு வந்துட்டோம். அன்னிலேர்ந்து அப்பா தினம் நிறுத்துறாரு. இதைச் சொல்லத்தான் உங்களுக்கு மூணு மெயில் போட்டேன்."

அவமானத்தில் சீனுவாசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்த பஸ்ஸை இன்னிக்கே எடுத்துடறேம்மா."

"ஐயோ, எடுத்துடாதீங்க சார்!" என்று பதறினாள் கலைப்பிரியா. "இப்ப ஏழு பேரு வந்து நிக்கிறாங்க. எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. என் சைட்டைக் காட்டினா, 'சீனுவாசன் சைட்டுல இருக்குதா, அதைச் சொல்லு'ன்றாங்க. அதைக் கேக்கும்போதுதான் உங்கமேல எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருக்குது சார்."