புகார் சொன்ன குரல்

"இறக்குங்க! லாரியில ஏத்தினது எல்லாத்தையும் இறக்குங்க!"

தரச் சோதனை அதிகாரி சொன்னதும், மோட்டார் தொழிற்சாலையில் வேலை அப்படியே நின்றது.

முதலாளி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"என்ன சார் இது? வீட்டுத் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற சின்ன மோட்டார். இதுக்குப் போய்..."

"மோட்டார் சின்னதுதான். தொட்டவங்க சாவு சின்னதா இருக்காதே?"

லாரியில் கைக்கு அகப்பட்ட ஒரு மோட்டாரை எடுத்து, சோதனைக் கருவியின் ஒரு முனையைச் சுருள் கம்பியிலும் மறு முனையை வெளி இரும்பிலும் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஓட வேண்டிய மின்சாரம் வெளியே கசிகிறது என்று அர்த்தம்.

இன்னொரு மோட்டார். அதுவும் சிவப்பு.

அதிகாரி ஒன்றைப் பிரித்தே பார்த்துவிட்டார். சுருளுக்கும் இரும்புக்கும் நடுவில் சொருகியிருந்த காப்புத் தாளை விரலால் இழுத்தார். வெங்காயத் தோல் மாதிரி கிழிந்து வந்தது.

"விதியில சொல்லியிருக்கிற கனத்துல இது பாதிகூட இல்லை. தர முத்திரையை மட்டும் பளபளன்னு குத்தி வெச்சிருக்கீங்க! விசாரணை முடியுற வரைக்கும் இங்கேயிருந்து ஒரு மோட்டார் வெளியே போகக் கூடாது."

அதிகாரியின் ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் முதலாளிக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நம்மளை யாரு போட்டுக் கொடுத்தது?"

மேனேஜர் அவருடைய மாப்பிள்ளைதான். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, ஜீப் டிரைவர்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நேத்து அவங்க ஆபீஸுக்கு ஒரு போன் வந்துதாம். பொம்பளைக் குரலாம். தாள் விஷயம், லாரி கிளம்புற நேரம், எல்லாம் புட்டுப் புட்டு வெச்சுதாம்."

"பொம்பளையா?"

சுருள் சுற்றும் பிரிவில் மட்டும்தான் பெண்கள் வேலை செய்தார்கள். அத்தனை பேரையும் முதலாளி வரிசையாக நிற்க வைத்தார்.

"யாருன்னு இப்பவே சொல்லிடுங்க. இல்லேன்னா நாளைலேருந்து ஒருத்தியும் இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்றவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயா, என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். என் சம்பளத்துலதான் அடுப்பெரியுது. சத்தியமா நான் இல்லைங்க."

ஆபீஸ் அறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார்.

"விட்டுடுங்களேன். தாளை மாத்திட்டா சரியாப் போயிடும்ல..."

"நீ உள்ளே போ! உன்னை யாரு கேட்டா?"

அந்த அதட்டலில் முதலாளியம்மா அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். சுருள் பிரிவுக்கு மூத்தவள். எல்லோருக்கும் கம்பியக்கா. முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"அவங்களை ஏன் மிரட்டுறீங்க ஐயா? போன் பண்ணினது நான்தான்."

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீயா? உன் பொண்ணு கல்யாணத்தை முன்னால நின்னு நடத்தி வெச்சேனே... நீயா?"

"ஆமாங்க."

அழுதுகொண்டிருந்தவளே இப்போது சீறினாள். "என்ன காரியம் பண்ணிட்டே அக்கா! இனிமே இந்தக் கம்பெனியை மூடிட்டா? எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டியே!"



"வெளியே போ!" முதலாளி வாசலைக் காட்டினார். "இந்த ஊர்ல இனி எவன் உனக்கு வேலை கொடுக்கிறான்னு நானும் பார்க்கிறேன்!"

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். இத்தனை வருஷம் கூடவே உட்கார்ந்து சுற்றியவர்களில் ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினாள்.

முதலாளியின் மனைவி. காலில் செருப்புகூட இல்லை. பின்வாசல் வழியாக ஓடிவந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"ஏன் அப்படிச் சொன்னே? போன் பண்ணினது நானாச்சே!"

"தெரியும்மா. நேத்து லீவு கேக்க ஆபீஸ் ரூமுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. நீங்க பேசினது காதுல விழுந்தது."

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"என் தங்கச்சி நம்ம மோட்டாரைத் தொட்டுத்தான் ஆஸ்பத்திரியில கிடக்கா. 'ஈரக் கையோட தொட்டிருப்பா'ன்னு சொல்லி இவர் என் வாயை அடைச்சிட்டார். இன்னொரு வீட்டுல ஒரு உயிர் போயிட்டா? அதான் போனை எடுத்தேன். ஆனா இன்னிக்கு உன்னைத் துரத்தும்போது... என் வாய் திறக்கல. பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்தேன். அந்தத் தாளைத் தினமும் சொருகினது இந்தக் கைதானே? கிழியுதுன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தேன். நீங்களாவது பேசினீங்க."

"வா, இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன். உன் வேலை போகக் கூடாது."

கம்பியக்கா தன் கையைப் பற்றியிருந்த விரல்களை மெல்ல விடுவித்தாள்.

"வேண்டாம்மா. எனக்கு வேற வேலை கிடைக்கும். உங்களுக்கு வேற வீடு கிடைக்குமா?"