ராவுத்தர் சொன்ன குறை

போன சந்தையில் மலட்டு மாட்டை வாங்கி ஏமாந்தவர் சடையாண்டி. இந்தத் தடவையும் ஏமாந்தால் பெண்டாட்டி முகத்தில் முழிக்க முடியாது. பசுவை விற்க வந்த மீரான் ராவுத்தரோ அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, "கறக்கையில உதைக்கும் மாமா. குறையை மறைச்சு வித்தா அந்தக் காசு ஹராம். புள்ளைகளுக்குச் சோறு ஊட்ட ஆகாது" என்றார்.

சின்னதைச் சொல்கிறவன் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்று பட்டது சடையாண்டிக்கு. பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார்.

"வேற என்னய்யா?"

"வேற ஒண்ணுமில்ல. அல்லா பாத்துக்கிட்டிருக்கான்."

"அவன் பாக்கட்டும். நானும் பாக்கணும்ல?"

அரை மனசோடுதான் ஓட்டிவந்தார்.

விடிந்ததும் கறக்க உட்கார்ந்தார். செம்பு பறந்தது. மல்லாந்து கிடந்தவர் முகத்தில் வழிந்த பாலைக்கூடத் துடைக்காமல் சிரித்துக்கொண்டே கத்தினார்.

"ஏய் பேச்சி, ஓடியாடி! ராவுத்தர் சொன்ன மாதிரியே உதைக்குது!"