ஒட்டிக்கொண்டவை

இரண்டாவது கண்ணாடித் துண்டிலும் அவை இருந்தன.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள்.

பன்றிக் குடலின் உட்சுவர். அதன்மேல் ஊதா நிறத்தில், குச்சி குச்சியாக, நெருக்கியடித்துக்கொண்டு நல்ல கிருமிகள்.

மூன்று முறை உப்புநீரில் அலசியிருந்தாள். பிடிப்பில்லாதவை அதிலேயே போய்விடும். அதற்குப் பிறகும் மிஞ்சுபவைதான் ஒட்டிக்கொண்டவை. நல்லவை இப்படி இடத்தை அடைத்துக்கொண்டால் பேதிக் கிருமிக்குக் கால்வைக்க இடமிருக்காது. மூன்று வருடமாக அவளுடைய ஆராய்ச்சி இதுதான்.

ஆனால் இந்தத் துண்டில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது.

இது செத்தவற்றின் துண்டு. எண்பது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் வைத்து அவளே கொன்றவை. உயிருள்ளது ஒட்டும், செத்தது ஒட்டாது என்று காட்டுவதற்காக.

புட்டியை மாற்றிவிட்டோமோ?

வளர்ப்புத் தட்டுகளை எடுத்தாள். உயிருள்ள புட்டி, செத்த புட்டி இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு, முந்தாநாள் தடவி வைத்தது. உயிருள்ளது எதுவோ அது வெள்ளைப் புள்ளிகளாக முளைத்திருக்கும்.

ஒரு தட்டில் ஒன்றுமில்லை.

மற்றதிலும் ஒன்றுமில்லை.

தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் அந்தத் துணி ஞாபகத்துக்கு வந்தது.

ஐந்து நாளைக்கு முன்னால். உயிருள்ள புட்டியை முப்பத்தொன்பது டிகிரித் தொட்டியில் வைத்ததாகத்தான் நினைத்திருந்தாள். அது பன்றியின் உடம்புச் சூடு. குடலின் கதகதப்பில் வாழ்ந்தவற்றைக் குளிரில் விட அவளுக்கு மனம் வராது. கூட வேலை செய்பவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்துத் தொட்டி எண்பது.

புட்டியை எடுக்கிற நேரம் பார்த்துப் பண்ணைக்கார லூர்துமேரியின் அழைப்பு. பால் மறந்த குட்டிகள் பதினொன்றுக்கும் பேதி, இரண்டு போய்விட்டன. கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு புட்டியைத் தொட்டாள். கை சுட்டது. துணி வைத்துப் பிடித்து எடுத்தாள்.

முப்பத்தொன்பது டிகிரி கையைச் சுடுமா?

அன்றைக்கு அதை யார் கேட்டார்கள்.

அந்தப் புட்டியில் பாதியைத்தான் பண்ணைக்குக் கொடுத்தனுப்பினாள். உயிரோடு இருக்கிற மருந்து, வெயில் படக் கூடாது, சூடான கஞ்சியில் கலக்கக் கூடாது. செத்ததைக் கொடுத்துவிட்டுப் பத்தியம் வேறு சொன்னாளாம்.

மிச்சம் ஒன்பது குட்டிகள்.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. லூர்துமேரி.

எடுக்காமல் விட்டுவிடலாமா என்று இருந்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அந்த மருந்துல உசுரே இல்லக்கா. என் தப்புதான்."

அந்தப் பக்கம் குட்டிகளின் கீச்சல் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டத்தின் கீச்சல்.

"என்ன சொல்றீங்க டாக்டரம்மா? பேதி நேத்தே நின்னுபோச்சு. ஒம்போதும் முட்டி மோதித் திங்குது. இன்னொரு பாட்டில் வேணும்னுதான் கூப்பிட்டேன். அதே மருந்து. ஈரச் சாக்கு சுத்திப் பத்திரமா வெச்சுக்கிறேன்."

லூர்துமேரி வைத்துவிட்டாள்.

அவள் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள்.

பேதி தானாக நின்றிருக்கலாம். அல்லது தொழுவத்தைக் கழுவியதில் நின்றிருக்கலாம். அல்லது.

மறுபடி குனிந்து பார்த்தாள். செத்தவை. அலசியும் அசையாமல் குடலைப் பிடித்துக்கொண்டிருந்தன. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள். துண்டுக்கு உயிரா இருக்கிறது.

அப்படியென்றால் மூன்று வருடமாக எழுதியது?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

புதிதாக வளர்ந்தவற்றைப் புட்டியில் ஊற்றி மூடினாள். முப்பத்தொன்பது, எண்பது, இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் போய் நின்றாள். இரண்டிலிருந்தும் ஒரே மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் நின்றாள்.

பிறகு அந்தத் துணி எங்கே என்று தேடினாள்.