கொஞ்சம் பஞ்சு

"ட்வீட்டர் ரெண்டும் செத்துப்போச்சுக்கா" என்றான் தம்பி.

தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த பெரியக்கா பதறிப்போனாள். "ஐயோ பாவம். எப்படா வாங்கி வளர்த்தே?"

"பிராணி இல்லக்கா. இதோ, பெட்டியில மேல இருக்கிற குட்டி ஸ்பீக்கர். பாட்டுல மணி, ஜால்ரா, கீச்சுக் குரல் எல்லாம் இதுலதான் வரும். இப்பல்லாம் வர்றதே இல்ல."

இடுப்பு உயரத்துக்கு இரண்டு பழைய மரப்பெட்டிகள். அவற்றின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றாள் அவன் பெண்டாட்டி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உனக்குக் குக்கர் விசிலே கச்சேரிதான். நான் ஆயுசு பூரா சினிமா தியேட்டர்ல சவுண்டு பார்த்தவன். என் காது பொய் சொல்லுமா?"

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. புருஷன் ஆசையாக ஒன்று சொன்னால் ஆமாம் என்றுதான் சொல்லேன், வாயிலிருந்து முத்தா கொட்டிவிடும்?

தம்பி எந்த ஒயர் எங்கே என்று மறக்காமலிருக்க ஒன்றில் சிவப்பு நூலைக் கட்டினான். ட்வீட்டர் இரண்டையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த திருகாணித் தலைமேல் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தான்.

"அலங்காரம் வேறயாடா?"

"பிரிச்சா பொட்டு உடையும்க்கா. பிரிக்காமலே ரிப்பேர் பண்ணிட்டேன்னு எவனும் என்கிட்ட கதை விட முடியாது."

"அதுக்கு என் நெயில் பாலிஷ்தான் கிடைச்சுதா?" என்றாள் பெண்டாட்டி.

இந்த வயசில் நெயில் பாலிஷ் கேட்கிறதாக்கும் என்று பெரியக்கா அதையும் மனசில் முடிந்துவைத்தாள். அவள் மனசில் முடிந்தது எதுவும் நெடுநேரம் தங்காது. சொந்தபந்தம் நடுவே அவளுக்கு ‘ரேடியோ’ என்று பேர்.

பழைய துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, வெளியூர் மெக்கானிக்குக்குப் பார்சல் போனது. மரப்பெட்டி இரண்டும் முன்பல் போன வாய் மாதிரி நின்றன. தம்பி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். கூரியர் வண்டிச் சத்தம் மட்டும் அவனுக்கு எட்டுத் தெருவுக்கு அப்பால் வரும்போதே கேட்டது.

ஒருவழியாகப் பார்சல் திரும்பி வந்தது. யாரையும் கிட்டே விடாமல் தானே மாட்டினான். பாட்டைப் போட்டான்.

"அக்கா, மணி கேக்குது பாரு. ஜால்ரா. அப்பாடா" என்றான். முகமெல்லாம் பல்.

பெரியக்காவுக்குப் பல் கூசியது. தகரத்தில் ஆணியால் கிழிக்கிற மாதிரி இருந்தது. ரிப்பேர் பண்ணினால் இப்படித்தான் இருக்கும்போல என்று பொறுத்துக்கொண்டாள்.

திரும்பினால், தம்பி பெண்டாட்டி காதில் பஞ்சு உருண்டையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேல் பொறுக்க முடியுமா? பெரியக்கா அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏம்மா, அவன் சந்தோஷம் உனக்கு அவ்வளவு கசக்குதா?"

அவள் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா, அண்ணி. மெக்கானிக் ஃபோன் பண்ணினப்போ உங்க தம்பி குளிச்சிட்டிருந்தார். நான்தான் எடுத்தேன். ட்வீட்டர் ரெண்டும் ஜம்முனு பாடுது, ஒரு குறையும் இல்ல, கேக்கிறவரோட காதைப் பாருங்கன்னார்."

பெரியக்கா தானே கதவை இன்னும் அழுத்திச் சாத்தினாள். அது அபூர்வம்.

"காதை வெச்சே பேர் வாங்கினவர் அண்ணி. அது போச்சுன்னு தெரிஞ்சா இடிஞ்சு உக்காந்துடுவார். பெட்டிக்குப் பின்னால ட்வீட்டர் சத்தத்தைக் கூட்ட ஒரு குமிழ் இருக்குன்னு மெக்கானிக் சொன்னார். துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தது. உங்க தம்பி கடைக்குப் போன நேரம் பார்த்து, எண்ணெய் விட்டுக் கடைசி வரைக்கும் திருகிட்டேன். தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

பெரியக்கா ஹாலுக்கு வந்தாள். தம்பி ஒரு பெட்டிக்குப் பின்னால் குனிந்து, தன் விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கிட்ட வா. மாட்டும்போதே பார்த்தேன். நான் வெச்ச பொட்டு ரெண்டும் வெச்சபடியே இருக்கு. பிரிக்கவே இல்ல. அப்புறம் எப்படிடா கேக்குதுன்னு குமிழைத் தொட்டா, தையல் மெஷின் எண்ணெய் வாசம். இந்த வீட்ல தைக்கிறது யாரு?"

"அப்போ உன் காது..."

"பொய் சொல்லிடுச்சு" என்று சிரித்தான். "நாளைக்கே காது டாக்டரைப் பார்க்கப் போறேன். காதுக்கு மெஷின் வெச்சுக்கிட்டா, இந்தக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிடலாம். பாவம், அவ காதும் ஒரு காதுதானே? ஆனா எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விட்டுடாதே. ஆசை ஆசையாச் செஞ்சிருக்கா."

பெரியக்கா ஹாலைப் பார்த்தாள். சமையலறையைப் பார்த்தாள். மறுபடியும் சமையலறைக்கே போனாள்.

"ஏம்மா, பஞ்சு இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"உங்களுக்கும் காது வலிக்குதா, அண்ணி?"

"காதுக்கு இல்லம்மா. வாய்க்கு."